சம்பந்திக்கு, பச்சை ஒயர் வெள்ளை ஒயர் விஷயமாக

மத்திகிரி,
ஓசூர்.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சின்னப்பராஜ் அவர்களுக்கு, மத்திகிரியிலிருந்து சவரியப்பன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இறைவன் அருளால் இங்கே மகள் பெனிஷா நலம். பேத்தி நலம், பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். என் வீட்டுக்காரி மேரிராணியும் நலம்தான், என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். தங்களுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு மனம் நிறைந்தோம். கண்ணில் தண்ணீர் படாமல், வெயில் நேரத்தில் மாந்தோப்புப் பக்கம் போகாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்லுங்கள். என்னுடையதைக் கடைசியில் சொன்னால் போதும்.

போன் இருக்கும் காலத்தில் இந்த மனுஷன் ஏன் தாள் எடுத்து எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். முதல் காரணம், தங்கள் நம்பர் இப்போது என் போனில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். மேரிராணியின் போனில் இருக்கிறது, ஆனால் அதை அவளிடம் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு அவள் பேச வேண்டும். இரண்டாவது காரணம் வெட்கம். போனில் பேசினால் "சொல்லுங்க சம்பந்தி" என்பீர்கள், எனக்கு வாய் வராது. மாப்பிள்ளை டெல்வின் வெள்ளிக்கிழமை காலையில் "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, போய்ப் பார்த்துட்டு வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு, தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு, சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே வந்து வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அவர் சுபாவம் அது. அவர் சொல்லாததால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்களுக்கும் ஒரு மருமகன் இருக்கிறார். ஒரு மாமனாரின் அவமானம் இன்னொரு மாமனாருக்குத்தான் புரியும் என்று நம்பி எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு வந்த பெனிஷாவோடு மாப்பிள்ளையும் கொஞ்ச நாள் இங்கேயே தங்கி வேலை பார்க்க அவருடைய பெங்களூர் கம்பெனி அனுமதி கொடுத்தது தங்களுக்குத் தெரியும். அவர் வந்த நேரம், எங்கள் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி எங்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளையின் போனுக்கு மொட்டை மாடியில் சிக்னல் உண்டு, வீட்டுக்குள் கிடையாது. என் போனுக்கு வீட்டுக்குள்ளும் உண்டு. இதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்வது? "என் போன்ல இருந்து நெட் எடுத்துக்கங்க மாப்ளே" என்றேன். ஹாட்ஸ்பாட் போட்டால் ஒயரே இல்லாமல் வரும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, காற்றில் எதையும் விடக்கூடாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். உள்ளூர விஷயம் வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் சிப்காட்டில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான், காற்றில் போவது எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஒயர் என்றால் இந்த முனை இங்கே, அந்த முனை அங்கே, கையால் பிடித்துப் பார்க்கலாம். சரி மாமா என்று மாப்பிள்ளை தன் பையிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிளை எடுத்து, ஒரு முனையை என் போனிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகி, போனில் டெதரிங் என்ற பொத்தானைத் தட்டினார். போனின் நெட் லேப்டாப்புக்குப் போய்விட்டது. ஒரு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பால் வாங்கப் போன இடத்தில் எல்லாம், மாப்பிள்ளைக்கு நெட் சப்ளை நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று மாப்பிள்ளை செய்தது, ஒன்று நான் செய்தது. மாப்பிள்ளை என் போனைப் பார்த்து, "மாமா, இதுல சிஸ்டம் அப்டேட் வந்து ரொம்ப நாளா நிக்குது, போட்டுடலாமா?" என்று கேட்டார். நான் "தட்டுங்க மாப்ளே" என்றேன். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் தட்டினார், போன் அணைந்து எழுந்து, எழுத்தெல்லாம் கொஞ்சம் பெரிதாகி, படங்கள் எல்லாம் இடம் மாறி, புதுச் சட்டை போட்டதுபோல வந்து நின்றது.

நான் செய்தது என்னவென்றால், எங்கள் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு போன்ற பொது இடங்களில் சார்ஜ் போட்டால் அந்த ஒயர் வழியாகவே போனில் உள்ளதையெல்லாம் திருடிவிடுவார்களாம். யுஎஸ்பி கேபிளுக்குள் நாலு ஒயர் இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும்தான் திருடன் வரும் வழி. படித்ததும் எனக்குக் கை அரித்தது. வீட்டில் இருந்த அத்தனை கேபிளையும், மாப்பிள்ளையின் பையில் இருந்ததையும் சேர்த்து, மேஜையில் பரப்பிவைத்து, தோலைப் பிளேடால் கீறி, பச்சையையும் வெள்ளையையும் கத்தரித்து, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி மூடினேன். எங்கள் கம்பெனியில் சோதித்து முடித்த பொருளுக்கு மஞ்சள் அட்டை கட்டுவது வழக்கம். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு மஞ்சள் அட்டை கட்டி, அதில் "சரி பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, வரிசையாகச் சாவி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு சரோஜம்மாளின் கேபிளைக்கூட வலியப் போய் வாங்கி வந்து செய்து கொடுத்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்து அவராகக் கேட்பார், விளக்கிச் சொல்லி அசத்தலாம் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினார். டெதரிங் பொத்தான் மங்கலாகக் கிடந்தது. தட்டினால் அசையவில்லை. போனில் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பதற்றப்படாமல், "கேபிளா இருக்குமோ மாமா? இந்த மஞ்ச அட்டை என்ன?" என்று கேட்டார். சம்பந்தி, அந்த ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவர் கேட்டது என் வேலையைக் குறை சொன்னதுபோல எனக்குப் பட்டுவிட்டது. மல்டிமீட்டரை எடுத்துவந்து முனையில் வைத்துக் காட்டி, "அஞ்சு வோல்ட் கச்சிதமா வருது பாருங்க. அட்டை கட்டுன பொருள்ல நம்ம வீட்ல குறையே இருக்காது" என்றேன். அவர் கொக்கியில் இருந்த மற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி சார்ஜ் ஏற்றின, எதுவும் நெட் தரவில்லை. இத்தனை கேபிளும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது, ஆகவே கேபிளில் குறை இல்லை, போனில்தான் குறை, போனில் புதிதாக நடந்தது அப்டேட், ஆகவே அப்டேட்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். பாவம், அவரும் நம்பிவிட்டார்.

அதன்பிறகு அந்தப் போனை நான் படுத்திய பாட்டை எழுதக் கை கூசுகிறது. அணைத்து அணைத்துப் போட்டேன். சார்ஜ் போடும் ஓட்டையைப் பல் குத்தும் குச்சியால் துழாவினேன். ரிட்டயர் ஆகும்போது கொண்டுவந்த, ஸ்விட்ச் முனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் டப்பாவை எடுத்து அதற்குள் அடித்தேன். அந்த நாற்றத்தில் பேத்தி தும்மத் தொடங்க, மேரிராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடியோவில் ஒரு ஆள் இந்தியில் சொன்னதைக் கை ஜாடையை மட்டும் பார்த்துப் புரிந்துகொண்டு, செட்டிங்ஸுக்குள் போய் பில்டு நம்பர் என்ற இடத்தை விடாமல் தட்டினேன். நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் சொன்னது. ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த பதவி உயர்வு, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. டெவலப்பர் ஆன பிறகும் பொத்தான் எரியவில்லை. என்னோடு வேலை பார்த்த திம்மப்பனை வரவழைத்தேன். அவனுக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு, தமிழில் தொடங்கினாலும் அதில்தான் போய் முடிப்பான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் சவரியப்பா இவ்ளோ கஷ்டம்? ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணிடு, ஆய்த்து" என்றான். மாப்பிள்ளை வந்த அன்று குழந்தை, காற்று என்று பிரசங்கம் செய்த வாயால் எப்படி ஆன் பண்ணுவது? உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை லேப்டாப்பையும் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து தன் போனை வைத்தே வேலை பார்க்க ஆரம்பித்தார். மூன்று வேளையும் பெனிஷா படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் மேலே போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களோடு முக்கியமான கூட்டம். இத்தனை மாதமாகச் செய்த வேலையை அவர்தான் செய்து காட்ட வேண்டும், நன்றாக முடிந்தால் அந்தக் குழுவுக்கே அவர்தான் தலைவர் என்று பெனிஷா சொல்லியிருந்தாள். அதற்குள் போனைச் சரி செய்து, மாப்பிள்ளையைக் கீழே கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மதியம் சாப்பிட்டு முடித்ததும், யாரையும் கேட்காமல், போனில் உள்ளதையெல்லாம் துடைத்துப் புதுப் போன் மாதிரி ஆக்கும் ரீசெட்டைத் தட்டிவிட்டேன். சம்பந்தி, குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. நர்ஸ் குழந்தையை மாப்பிள்ளையின் கையில் வைத்ததும் அவர் தேம்பி அழுததை நான்தான் எடுத்தேன். அன்று வேறு யார் போனிலும் எடுக்கவில்லை. போன் திரும்பி வந்து, யாரோ புது ஆளைப் பார்த்ததுபோல எனக்கு வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அப்போது பெனிஷா வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, பாப்பா போட்டோ?" என்றாள். நான் மொழியைத் தட்டிவிட்டுக் கேபிளைச் செருகினேன். பொத்தான் அப்போதும் மங்கலாகத்தான் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மேரிராணி, சாயங்காலம் நம் வீட்டில் அன்பியக் கூட்டம், ஜெபத்துக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், மோட்டார் போடுங்கள் என்றாள். போட்டேன். போட்டதை மறந்தேன். மறந்ததற்குக் காரணம், நான் அப்போது ஒரு காகிதத்தில் ஏன்-ஏன் எழுதிக்கொண்டிருந்தேன். தங்களுக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் கம்பெனியில் ஒரு மெஷின் நின்றால், ஏன் நின்றது என்று எழுத வேண்டும், அதற்கு ஏன், அதற்கு ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசி ஏனுக்குக் கிடைக்கும் பதிலை மூல காரணம் என்று அடிக்கோடு போட்டு எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். ரீசெட் செய்தும் சரியாகவில்லை என்ற ஆத்திரத்தில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நெட் ஏன் வரவில்லை? டெதரிங் பொத்தான் எரியவில்லை. ஏன் எரியவில்லை? அப்டேட் ஆனதால். ஏன் அப்டேட் ஆனது? மாப்பிள்ளை தட்டியதால். ஏன் தட்டினார்? உரியவரைக் கேட்காததால். ஏன் கேட்கவில்லை? நிதானம் இல்லாததால். மூல காரணம்: மாப்பிள்ளையின் அவசரம். தடுப்பு நடவடிக்கை: இனி போன் மாப்பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்படும். பொறுப்பு: சவரியப்பன். இதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன்.

அன்பியத்துக்காரர்கள் வந்து ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு அம்மா, மாப்பிள்ளை எங்கே, கண்ணிலேயே படவில்லையே என்று சாதாரணமாகக் கேட்டார். வேலையாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்திருக்கலாம். நான் ஃபிரிட்ஜில் ஒட்டியதை உரித்துக்கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினேன். கம்பெனியில் வாசித்து எவ்வளவு நாள் ஆயிற்று, குரல் நன்றாகத்தான் எடுத்தது. "உரியவரைக் கேட்காததால்" என்ற இடம் வந்தபோது, சமையற்கட்டு வாசலில் நின்ற பெனிஷா என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை நான் "தட்டுங்க மாப்ளே" என்றபோது அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். மூல காரணம் என்று நான் சத்தமாக வாசித்த நேரம், மாப்பிள்ளை மாடிப்படியில் இறங்கி வந்து நின்றார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். தொட்டி நிரம்பி, வழியும் குழாய் நேராக அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கொட்டியிருக்கிறது. கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் எழுந்திருக்காமல், குடையை லேப்டாப்புக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே பேசி முடித்திருக்கிறார். நான் வாசித்ததில் எத்தனை "ஏன்" அவர் காதில் விழுந்ததோ எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாமா, மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு."

அவரே போய் நிறுத்தினார். அந்த அம்மா அவசர அவசரமாக ஜெபமாலையை ஆரம்பித்தார். கூட்டம் கலைந்த பிறகு பெனிஷா அழுதுகொண்டே படங்கள் போன விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "பரவால்ல மாமா" என்றார். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார். அந்த "பரவால்ல" இருக்கிறதே, ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

இனிமேல் எழுதப்போவது தங்களுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு சரோஜம்மாள் கேபிளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "அண்ணா, நீங்க சேஃப்டி பண்ணிக் குடுத்தீங்களே ஒயரு, இதுல சார்ஜ் ஏறுது. பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டோ ஏத்தலாம்னா ஒண்ணும் போக மாட்டேங்குது. நாங்க அப்டேட்டு கூட ஒண்ணும் பண்ணலைங்ணா" என்றார். தேன்கனிக்கோட்டை ரோட்டுக் கடைக்குப் போய், கேபிள் ஒன்று புதிதாக வாங்கிவந்து, பெனிஷாவின் பழைய லேப்டாப்பில் செருகினேன். டெதரிங் பொத்தான் பளிச்சென்று வந்தது. அப்டேட்டும் ரீசெட்டும் ஒன்றும் செய்யவில்லை சம்பந்தி. நெட் வரும் வழியும் அந்தப் பச்சையும் வெள்ளையும்தான். அதை நான் என் கையால் அறுத்து, மூடி, சரி பார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் கேபிளைப் பிரித்துப் பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதைப் பார்த்து ஒரு நொடி பெருமைகூடப் பட்டேன், அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? முப்பது வருஷம் ஒயரோடு வாழ்ந்தவனுக்கு இது தோன்றாதா என்று கேட்பீர்கள். திருடன் வரும் வழி என்று ஒருதரம் மனதில் விழுந்துவிட்டது, வேறு எதுவும் அந்த வழியில் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அட்டை கட்டிய கேபிள்களை எல்லாம் டூல் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நேற்று பெனிஷா தன் போனைக் கொண்டுவந்து என் எதிரில் நீட்டினாள். ஆஸ்பத்திரிப் படங்கள் அத்தனையும் இருந்தன. நர்ஸ், குழந்தை, மாப்பிள்ளை அழுவது, ஓரத்தில் என் விரல் மறைத்தது எல்லாம். முதல் வாரத்திலேயே, நான் தூங்கிய நேரத்தில், மாப்பிள்ளை என் போனிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றி வைத்திருந்தாராம். சிங்காரப்பேட்டைக்கு வந்த பிறகு தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார். எந்தக் கேபிளில் ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. அறுபடாமல் இருந்தபோது அந்தப் பச்சையிலும் வெள்ளையிலும் வந்து சேர்ந்தவை அவை. படங்களோடு ஒரு வரியும் எழுதியிருந்தார். வருகிற ஞாயிறு பாப்பாவின் ஞானஸ்நானத்தைச் சிங்காரப்பேட்டைக் கோவிலிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பெனிஷாவைக் கேட்டிருக்கிறார். தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டில் வைப்பதுதான் நம் இரு குடும்பமும் பேசி முடித்தது. ஃபாதரிடம் சொல்லி, அன்பியத்தில் எல்லோரையும் அழைத்தாயிற்று. அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று பெனிஷாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஹாலில் அதே ஆட்களுக்கு நடுவில் திரும்ப வந்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஹாலை அப்படி ஆக்கியவன் நான்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, தங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாப்பிள்ளையை எப்படியாவது சமாதானம் செய்து, சனிக்கிழமையே இங்கே அனுப்பி வையுங்கள். ஞானஸ்நானம் மத்திகிரியிலேயே நடக்கட்டும். அப்டேட்டில் தவறு இருந்ததாகப் போன் கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள், மாமா பேப்பரில் படித்தாராம், இப்போது தானாகவே சரியாகிவிட்டதாம், உன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பச்சை ஒயர், வெள்ளை ஒயர் விஷயம் நம் இருவரோடு போகட்டும். மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவர் சிரிக்கக்கூட மாட்டார், "பரவால்ல மாமா" என்று சொல்லிவிடுவார். அதை இன்னொரு முறை தாங்க எனக்குத் தெம்பு இல்லை. படித்து முடித்ததும் இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தங்கள் கண் சீக்கிரம் தெளிந்து, பேத்தியின் முகத்தை நன்றாகப் பார்க்க இறைவனும் அன்னை மரியாளும் அருள் தர வேண்டுகிறேன். தோட்டத்து மரங்களுக்கும், வீட்டு மாடுகளுக்கும், நம் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்த்த முடியாத சம்பந்தி,
அ. சவரியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடியபோது மேரிராணி வந்து கடிதத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினாள். "சம்பந்தி ஒரு மாசத்துக்குப் படிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே. பேப்பரு, பைபிளு, வர்ற தபாலு எல்லாம் மாப்ளதான் பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிச்சுக் காட்டுறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கடிதத்தைக் கிழித்துவிட்டு, நலம், நலமா என்று நாலு வரி எழுதலாம் என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "கிழிக்காதீங்க. அன்னிக்கு நீங்க சத்தமாத்தானே படிச்சீங்க, இதையும் அவரு சத்தமாவே படிக்கட்டும்" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, வணக்கம். இதுவரை நீங்கள் வாசித்ததெல்லாம் உண்மை. அப்டேட்டைத் தட்டச் சொன்னது நான். ஒயரை அறுத்தது நான். மோட்டாரை மறந்தது நான். கம்பெனிக்காரர்கள் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, பேப்பரில் ஒன்றும் வரவில்லை. ஃபிரிட்ஜில் வேறு காகிதம் ஒட்டியிருக்கிறேன், அதில் ஏன்-ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மூல காரணம் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அன்பியத்துக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அதையும் வாசிப்பேன். அன்று பாப்பாவை நீங்கள் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டில் இப்போது ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறேன், காற்றில்தான் வருகிறது, பாப்பா நன்றாகத்தான் தூங்குகிறாள்.

என்னை மன்னிச்சிடுங்க மாப்ளே. இந்த ஒரு வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று எழுத வந்தேன். வேண்டாம், இதையும் அவர் காதில் நன்றாக விழும்படி படியுங்கள்.